விரைவு எங்கே உள்ளது?
தரவுத்தள வினவல் நெறிகள் – ஓர் ஒப்பாய்வு

(தமிழ் மன்றக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்துவடிவம்)



தமிழ் நெடுங்கணக்கு முறைப்படி சொற்களை அடுக்கித் தருமாறு பணித்தால் கணிப்பொறியின் விரைவு குன்றிவிடும் என்றும், ஆகையால் பொறிக்கு எளிதாயமைந்த எண்வரிசையே போதும் என்றும் கூறுவார் கணிப்பொறித் தொழிலில் உளர். இக்கூற்றைக் கேட்டவுடன் தமிழன்பர் உள்ளம் கொதிப்பது இயல்பே. ஆயினும், கொதிப்பு ஒரு கூற்றைப் பொய்யாக்கிவிடாது. அதற்கு அளவை வேண்டும். பொறி எவ்வாறு தேடுகின்றது, எந்நெறியில் தேடினால் எவ்வளவு உழைக்கின்றது என்பதை அறிந்தவரே இக்கூற்றில் மெய் எவ்வளவு, பொய் எவ்வளவு என்று பிரித்துக் காட்ட இயலும். இலக்கணம் கற்றவன் சொற்பிழையைக் கண்டு காட்டுவது போல, அளவை கற்றவனே அளவைப்பிழையைக் கண்டு காட்டுவான். அவ்வளவையைப் பற்றியதே இவ்வுரை.

வேண்டுவது வேறு, வழி வேறு

தரவுத்தளம் என்பது பல பட்டியல்களின் தொகுதி. ஒவ்வொரு பட்டியலிலும் வரிகளும் பத்திகளும் உண்டு. பள்ளியின் மாணவர் பட்டியலில் ஒரு மாணவனுக்கு ஒரு வரி. பெயர், வகுப்பு, ஊர் என்பன பத்திகள். இப்பட்டியலை நோக்கிப் பொறியிடம் கேட்கும் வினாவே வினவல் எனப்படும்.

1960-களில் இருந்த தரவுத்தளங்களில் வினவுவோர்க்கு ஒரு பெருஞ்சுமை இருந்தது. என்ன வேண்டும் என்று கூறினால் மட்டும் போதாது. எந்தப் பதிவில் தொடங்கி, எந்தச் சுட்டைப் பற்றிக்கொண்டு, எந்தப் பதிவுக்குச் செல்ல வேண்டும் என்ற வழியையும் அவர்களே வகுத்துக் கூற வேண்டும். பட்டியலின் அமைப்புச் சிறிது மாறினாலும் எழுதிய நிரல் முழுவதையும் திருத்த வேண்டியிருந்தது.

இந்நிலையை மாற்றியவர் எட்கர் காட் என்னும் அறிஞர். இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய அவர், 1970-ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். வேண்டுவதை மாந்தர் கூறட்டும். வழியைப் பொறியே காணட்டும் என்பது அக்கட்டுரையின் கருத்துப் பிழிவு. அதனைப் பின்பற்றி, அந்நிறுவனத்தின் ஆய்வாளர்களாகிய சேம்பர்லினும் பாய்சும் 1974-இல் ஒரு வினவல் மொழியை வகுத்தனர். இன்று எசு.கியூ.எல். என்று வழங்குவது அதன் வழிவந்ததே.

கருத்து நன்று, ஆயினும் பலர்க்கு ஐயம் எழுந்தது. பழகிய வல்லுநர் ஒருவர் தம் கையால் வகுக்கும் வழிக்கு நிகராக, உயிரற்ற பொறி ஒரு வழியைக் கண்டுவிடுமா? ஒரே வினாவுக்கு விடை காண நூறு வழிகள் இருக்கலாம். அவ்வழிகளுள் ஒன்று ஒரு நொடியில் முடியும். மற்றொன்று ஒரு நாளிலும் முடியாது. விடை ஒன்றுதான், உழைப்பே வேறு. ஆகவே, வழிகளை ஒப்பிட்டு எடைபோடும் கலை இன்றியமையாததாயிற்று. சான் ஒசே நகரில் ஐ.பி.எம். ஆய்வகத்தார் உருவாக்கிய 'சிசுட்டம் ஆர்' என்பதும், பெர்க்கிலியில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய 'இங்கிரசு' என்பதும் 1970-களில் இக்கலைக்கு அடித்தளம் இட்டன.

புரட்டலா, அடைவா?

முதலில் ஒரே பட்டியலில் தேடும் முறையைக் காண்போர்க்கு இரண்டு வழிகள் புலப்படும். ஒன்று, முதல் வரி தொடங்கி இறுதி வரி வரை எல்லாவற்றையும் படிப்பது. இதனை முழுப்புரட்டல் எனலாம். மற்றொன்று, நூலின் இறுதியில் உள்ள சொல்லடைவைப் பார்த்து, உரிய பக்கத்தை மட்டும் திறப்பது. தரவுத்தளத்திலும் இவ்வாறான அடைவு உண்டு. பேயர், மெக்கிரைட் என்னும் இருவர் 1970-களின் தொடக்கத்தில் வகுத்த மரவடிவ அடைவே இன்றளவும் பெரும்பான்மையாக வழங்குகின்றது. மரத்தில் அடிமரம் கிளையாகவும் கிளை கொம்பாகவும் பிரிவது போல, அவ்வடைவின் ஒவ்வொரு பக்கமும் பல பக்கங்களுக்கு வழி காட்டுகின்றது.

அடைவுதான் எப்போதும் சிறந்தது என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் சரியா என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம்.

ஒரு பட்டியலில் 10,00,000 வரிகள் உள்ளன எனக் கொள்க. ஒரு பக்கத்துக்கு 100 வரிகள் வீதம் அது 10,000 பக்கங்களில் அடங்கும். அடைவின் ஒரு பக்கம் 200 பிரிவுகளுக்கு வழி காட்டுமானால், இரண்டு நிலையில் 40,000, மூன்று நிலையில் 80,00,000 வரிகளை எட்டலாம். ஆகவே, ஒரே ஒரு வரியைக் காண அடைவில் 3 பக்கம், பட்டியலில் 1 பக்கம், ஆக 4 பக்கம் படித்தால் போதும். முழுப்புரட்டலுக்கோ 10,000 பக்கம் வேண்டும். அடைவின் வெற்றி இங்கே ஐயத்துக்கு இடமற்றது.

இப்போது வினாவை மாற்றுக. ஒரு வரி அன்று. பத்தில் ஒரு பங்கு வரிகள், அதாவது 1,00,000 வரிகள் வேண்டும். அவை பட்டியல் முழுவதும் சிதறிக் கிடக்கின்றன. அடைவின் வழியே ஒவ்வொரு வரிக்கும் ஒரு பக்கம் திறந்தால், சென்ற பக்கத்துக்கே பன்முறை திரும்பி, 1,00,000 முறை வரை பக்கம் திறக்க நேரும். முழுப்புரட்டலுக்கோ அப்போதும் அதே 10,000 பக்கந்தான். முன்னே வென்ற அடைவு, இங்கே பத்து மடங்கு தோற்கின்றது!

இன்னும் ஒன்று. சுழலும் வட்டில் அடுத்தடுத்த பக்கங்களைப் படிப்பது எளிது. அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தாவிப் படிப்பது கடிது. 'போசுட்கிரசு' என்னும் தரவுத்தளம் இதற்கென ஒரு கணக்கு வைத்துள்ளது. அடுத்த பக்கம் படிக்க 1 எனின், தாவிப் படிக்க 4 என்பது அது தானே கொண்டுள்ள தொடக்க மதிப்பு. அக்கணக்கின்படி பார்த்தால், மேற்கண்ட பட்டியலில் ஏறத்தாழ 2,500 வரிகள் வரைதான் அடைவுக்கு வெற்றி. அஃதாவது நானூற்றில் ஒரு பங்கு. அதற்கு மேற்பட்டால், எளிய முழுப்புரட்டலே வெல்லும். வரிகள் சிதறாமல் அடைவின் வரிசையிலேயே அமைந்திருந்தாலோ, பட்டியல் முழுதும் நினைவகத்தில் இருந்தாலோ இவ்வெல்லை மாறும்.

இதிலிருந்து தெளிவது யாது? நெறியின் சிறப்பு நெறியிலேயே அமைந்திருக்கவில்லை. கேட்கும் அளவில் அமைந்துள்ளது.

இணைப்பின் மூன்று நெறிகள்

ஒரு பட்டியலோடு தேடல் முடிவதில்லை. மாணவர் பட்டியல் ஒன்று, மதிப்பெண் பட்டியல் ஒன்று. இரண்டையும் மாணவர் எண்ணால் பொருத்தி விடை காண வேண்டும். இதுவே இணைப்பு. இதற்கு மூன்று நெறிகள் தலையாயவை.

முதலாவது, சுற்றுக்குள் சுற்று. முதற் பட்டியலின் ஒவ்வொரு வரியையும் எடுத்துக்கொண்டு, இரண்டாம் பட்டியல் முழுவதிலும் இணை தேடுவது. ஒன்றில் 1,000 வரி, மற்றொன்றில் 10,00,000 வரி எனின், 100 கோடி ஒப்பீடுகள் தேவை. ஆயினும், பெரிய பட்டியலுக்கு அடைவு இருக்குமானால், 1,000 முறை அடைவைப் பார்த்தால் போதும். வரிக்கு ஓரிணை இருப்பின் 4,000 பக்கங்களில் வேலை முடியும்.

இரண்டாவது, அடுக்கிப் பொருத்தல். இரு பட்டியல்களையும் மாணவர் எண் வரிசையில் அடுக்கிக்கொண்டு, இரண்டிலும் இரு விரல்களை வைத்து ஒருங்கே கீழிறங்குவது. பொருத்துவது எளிது, அடுக்குவதே உழைப்பு. 10,00,000 வரிகளை அடுக்க ஏறத்தாழ 2 கோடி ஒப்பீடுகள் வேண்டும். முன்பே அடுக்கப்பட்டிருப்பின் அவ்வுழைப்பும் இல்லை.

மூன்றாவது, அறைப்பகுப்பு. அஞ்சலகத்தில் மடல்களை ஊர்வாரியாக அறைகளில் இடுவதைக் கண்டவர்க்கு இது எளிதில் விளங்கும். சிறிய பட்டியலின் வரிகளை, எண்ணிலிருந்து கணித்தறியும் ஓர் அறையில் இட்டுவைத்தல். பிறகு பெரிய பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் அதே கணக்கைச் செய்து, உரிய அறையை மட்டும் பார்த்தல். 1,000 வரியை ஒரு முறையும், 10,00,000 வரியை ஒரு முறையும் தொட்டால் போதும். 100 கோடி எங்கே, 10,01,000 எங்கே!

இம்மூன்றனுள் எது சிறந்தது? இவ்வினாவுக்கு வரலாறே நல்லதொரு விடை தருகின்றது. சிசுட்டம் ஆர் ஆய்வாளருள் பிளாசுகன், ஈசுவரன் என்னும் இருவர் பல இணைப்பு நெறிகளை ஒப்பிட்டு, 1977-இல் தம் முடிவை வெளியிட்டனர். மிகச் சிறிய பட்டியல்கள் நீங்கலாக, சுற்றுக்குள் சுற்று, அடுக்கிப் பொருத்தல் என்னும் இரண்டனுள் ஒன்று எப்போதும் மிகச் சிறந்ததாகவோ அதற்கு மிக அணித்தாகவோ இருப்பதைக் கண்டனர். அதனால் சிசுட்டம் ஆர் அவ்விரண்டையே மேற்கொண்டது. அது நேரிய ஆய்வு; அன்றைய நிலைக்கு ஏற்ற முடிவு.

ஆனால், ஆண்டுகள் சென்றன. நினைவகத்தின் விலை வீழ்ந்தது; அளவு பெருகிற்று. 1983-இல் தோக்கியோப் பல்கலைக்கழகத்தில் கிட்சுரேகவா முதலியோரும், 1984-இல் அமெரிக்காவில் டெவிட் முதலியோரும் அறைப்பகுப்பு நெறியை ஆராய்ந்து அதன் வன்மையைக் காட்டினர். பெரும் பட்டியல்களை நிகர்மை பார்த்து இணைக்க இன்று அந்நெறியே பரவலாக வழங்குகின்றது. முன்னை ஆய்வு பொய்த்ததா? இல்லை. அது நின்ற நிலம் மாறிற்று. ஒப்பாய்வின் முடிவு, ஒப்பிட்ட சூழலோடு பிணைந்தது. சூழல் மாறினால் மீண்டும் ஒப்பிட வேண்டும்.

பொறி எவ்வாறு தேர்கின்றது?

வழிகள் பல எனின், பொறி அவற்றுள் ஒன்றை எவ்வாறு தெரிந்தெடுக்கின்றது? 1979-ஆம் ஆண்டு பட்ரீசியா செலிங்கர் என்னும் அம்மையாரும் அவருடன் பணியாற்றிய நால்வரும் சேர்ந்து எழுதிய கட்டுரை இதற்கு விடை பகர்ந்தது. ஒவ்வொரு வழிக்கும், எத்தனை பக்கம் படிக்க வேண்டும், எத்தனை வரிகளைக் கையாள வேண்டும் என்று மதிப்பிட்டு, இரண்டையும் கூட்டி ஒரு செலவெண் காண்பதும், செலவு குறைந்த வழியைத் தேர்வதும் அவர்கள் காட்டிய முறை. கடைக்குச் செல்லுமுன் குடும்பத் தலைவி போடும் செலவுக் கணக்குப் போன்றது அது.

வழிகளை எண்ணுவதே ஒரு பெரும்பாடு. ஐந்து பட்டியல்களை இணைக்கும் வரிசைகள் 120. பத்துப் பட்டியல்களை இணைக்கும் வரிசைகள் 36,28,800. அவ்வளவையும் ஒவ்வொன்றாக எடைபோட்டால், தேர்வதற்கே பொழுது போய்விடும். செலிங்கர் குழுவினர், சிறு கூட்டங்களுக்குச் சிறந்த வழியை முதலில் கண்டு, அதன்மேல் பெரிய கூட்டங்களுக்கு வழி கட்டும் முறையை மேற்கொண்டனர். பத்துப் பட்டியல்களுக்கு 1,024 கூட்டங்களே உண்டு. இலக்கக்கணக்கில் பரந்த காடு, ஆயிரக்கணக்கில் அடங்கிய தோட்டமாயிற்று.

எனினும், இம்முறையின் உயிர்நிலை ஒன்று உண்டு. அதுவே அதன் வலுவற்ற இடமுமாகும். எத்தனை வரிகள் தேறும் என்பதை வினவலை நடத்துமுன்பே மதிப்பிட வேண்டும்! பட்டியலைப் பற்றிய குறிப்பு ஏதுமில்லாதபோது, ஒரு பத்தி ஒரு குறித்த மதிப்புக்கு நிகராக இருக்க வேண்டும் என்று கேட்டால், பத்தில் ஒரு பங்கு தேறும் என்றே சிசுட்டம் ஆர் கொண்டது. அது கணக்கன்று, குத்துமதிப்பு.

மதிப்பீடு பிழைக்கும் இடம்

இன்றைய தரவுத்தளங்கள் குத்துமதிப்போடு நிற்பதில்லை. பட்டியலின் மாதிரிகளை எடுத்து, எந்த மதிப்பு எத்தனை முறை வருகின்றது என்று குறித்து வைத்துக்கொள்கின்றன. அவ்வாறிருந்தும் பிழை நேர்கின்றது. கரணியம் எளிது: ஒவ்வொரு பத்தியையும் தனித்தனியே அறிந்த பொறி, பத்திகளுக்கு இடையே உள்ள உறவை அறிவதில்லை.

தமிழக மாவட்டங்கள் முப்பத்தெட்டும் அடங்கிய ஒரு பட்டியலில் 10,00,000 வரிகள் உள்ளன எனவும், அவற்றுள் தஞ்சை மாவட்டத்தார் 38-இல் ஒரு பங்கு, ஒரத்தநாடு வட்டத்தார் 300-இல் ஒரு பங்கு எனவும் கொள்க. தஞ்சை மாவட்டத்து ஒரத்தநாட்டு வட்டத்தாரைத் தருக என்று ஒருவர் வினவுகின்றார். பொறி இரு பங்குகளையும் பெருக்கி, ஏறத்தாழ 88 பேர் தேறுவர் என்று மதிப்பிடும். உண்மையில் தேறுவோர் 3,333 பேர்! ஒரத்தநாட்டார் அனைவரும் தஞ்சை மாவட்டத்தாரே என்பதைச் சிறுவனும் அறிவான், பொறி அறியாது. 88 பேர்தானே என்று நம்பி அது சுற்றுக்குள் சுற்று நெறியைத் தேர்ந்தால், மேற்கொண்டு இணைக்கும் ஒவ்வொரு பட்டியலிலும் பிழை பெருகிக்கொண்டே போகும்.

இது வெறுங்கற்பனை அன்று. 2015-ஆம் ஆண்டு மூனிச்சுத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தாரும் ஆம்சுடர்டாம் நகர ஆய்வு நடுவத்தாரும் இணைந்து ஓர் ஆய்வு வெளியிட்டனர். திரைப்படச் செய்திகள் அடங்கிய மெய்யான தரவுத்தளம் ஒன்றை எடுத்துக்கொண்டு, 113 வினவல்களை அமைத்து, ஐந்து தரவுத்தளங்களின் மதிப்பீட்டை உண்மையோடு ஒப்பிட்டனர். ஐந்துமே பெரும்பிழை செய்தன. இணைக்கும் பட்டியல்கள் பெருகப் பெருகப் பிழையும் பெருகிற்று. பெரும்பாலும் குறைத்தே மதிப்பிட்டன. செலவைக் கணிக்கும் வாய்பாட்டில் உள்ள குறையை விட, வரிகளின் எண்ணிக்கையைக் கணிப்பதில் உள்ள குறையே பெருங்கேடு விளைத்தது என்பது அவர்கள் கண்ட முடிவு.

ஆகவே, மெதுவாக இயங்கும் வினவலைக் கண்டவர் முதலில் செய்ய வேண்டுவது பொறியை வைவதன்று, நெறியை மாற்றுவதுமன்று. பொறி எத்தனை வரிகளை எதிர்பார்த்தது, உண்மையில் எத்தனை வந்தன என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே. தன் வழியை விளக்கிக் காட்டுமாறு கேட்டால் இன்றைய தரவுத்தளங்கள் இவ்விரு எண்களையும் காட்டும். இரண்டும் எங்கே பெரிதும் விலகுகின்றனவோ, நோயின் வேர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

அளப்பவனின் நேர்மை

நெறிகளை ஒப்பிடுவதற்கும் ஒரு நெறி வேண்டும். அமெரிக்காவின் விசுகான்சின் பல்கலைக்கழகத்தில் பிட்டன், டெவிட், டர்பிபில் என்னும் மூவர் 1983-இல் ஓர் ஒப்பளவை முறையை வெளியிட்டனர். எல்லார்க்கும் ஒரே பட்டியல், ஒரே வினாக்கள். விடைக்கு ஆகும் பொழுது மட்டும் வேறு. 10,000 வரிகள் கொண்ட பட்டியல்தான். ஆயினும், அடைவில்லாத இணைப்புக்கு ஒரு தரவுத்தளம் மணித்துளிக் கணக்கில் விடை தர, மற்றொன்று மணிக்கணக்கில் எடுத்துக்கொண்டது. அடுக்கிப் பொருத்தும் நெறியை அறிந்ததற்கும் அறியாததற்கும் உள்ள வேற்றுமை அது.

முடிவுகள் பெயர் சுட்டி வெளிவந்தமையால் சில விற்பனையாளர்க்கு அது கசந்தது. தம் தரவுத்தளத்தை அளந்த முடிவைத் தம் இசைவின்றி வெளியிடலாகாது என்னும் கட்டுப்பாட்டைச் சில நிறுவனங்கள் தம் விற்பனை ஒப்பந்தத்திலேயே புகுத்தின. அக்கட்டுப்பாடு இன்றும் டெவிட்டின் பெயராலேயே சுட்டப்படுகின்றது. அளவையை மறைத்தால் குறை மறைந்துவிடுமா? மறையாது, திருந்தாமல் எஞ்சும். 1985-இல் சிம் கிரே முதலிய பலர் கூடி, தம் பெயர் குறியாமலே ஒரு பொது அளவையை முன்மொழிந்தனர். 1988-இல் எட்டு நிறுவனங்கள் கூடி ஒப்பளவைக்கென ஒரு பொது மன்றம் அமைத்தன. அளந்த முறையையும் பொறியின் விலையையும் முழுமையாக வெளியிட வேண்டும் என்பது அம்மன்றத்தின் நெறி.

சிற்றளவில் அளப்போரும் சில நெறிகளைக் கைக்கொள்ள வேண்டும். முதல் முறை வட்டிலிருந்து படித்த பக்கங்கள், இரண்டாம் முறை நினைவகத்தில் இருக்கும். ஆகவே, ஒரு நெறியை முதல் முறையும், மற்றொரு நெறியை இரண்டாம் முறையும் நடத்தி ஒப்பிட்டால், பின்னதே வெல்லும்; அவ்வெற்றி பொய் வெற்றி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். நூறு வரிப் பட்டியலில் அளந்துவிட்டுக் கோடி வரிப் பட்டியலுக்கு முடிவு கூறலாகாது. நடுத்தரப் பொழுதை மட்டுமன்றி, மிகக் கெட்ட பொழுதையும் குறிக்க வேண்டும். ஏனெனில், காத்திருப்பவர் நினைவில் நிற்பது அதுதான்.

தமிழ் வரிசையின் வழக்கு

இனி, தொடக்கத்தில் கூறிய வழக்குக்கு வரலாம்.

கணிப்பொறியில் எழுத்துகளுக்குக் குறியெண்கள் உண்டு. உலக எழுத்துகளுக்குப் பொதுவான ஒருங்குறியில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு கட்டம் ஒதுக்கப்பட்டுள்ளது. அக்கட்டம் இந்திய எழுத்துகள் அனைத்துக்கும் பொதுவாக முன்பு வகுத்த வடவெழுத்து ஒழுங்கைப் பின்பற்றி அமைந்தது. ஆதலால், னகரம் நகரத்துக்கு அடுத்தும், றகரம் ரகரத்துக்கு அடுத்தும், ளகரமும் ழகரமும் லகரத்துக்கு அடுத்தும் நிற்கின்றன. நெடுங்கணக்கில் மெய்களின் இறுதியில் நிற்க வேண்டிய னகரம், பகரத்துக்கு முன்னே வந்து நிற்கின்றது. விளைவு யாது? மயில், மரம், மலை, மழை, மறம், மனம் என்று அடுக்க வேண்டிய சொற்களைக் குறியெண் வரிசை மனம், மயில், மரம், மறம், மலை, மழை என்று அடுக்குகின்றது. புள்ளியின் குறியெண் உயிர்க்குறிகளுக்கும் பின்னே இருப்பதால், பகல் என்பதற்கு முன்னே வர வேண்டிய பக்கம் என்பது பின்னே செல்கின்றது. இதனை அகராதி என்று பள்ளிச் சிறுவன் கையில் கொடுத்தால், அவன் தேடும் சொல் அதில் இருந்தும் இல்லாததாகும்.

நெடுங்கணக்கு முறையில் அடுக்கும் நெறியும் பொறிக்குக் கற்பிக்கப்பட்டுள்ளது. ஆனால், அந்நெறியில் இரு சொற்களை ஒப்பிடுவது, குறியெண்களை மட்டும் ஒப்பிடுவதை விட மிகுந்த உழைப்புடையது. இதனை மறுப்பது பொருந்தாது. எதிர்ப்போர் கூற்றில் மெய் இவ்வளவே.

இப்போது முன்னைக் கணக்கை இங்கே பொருத்துக. 10,00,000 சொற்கள் கொண்ட பட்டியலில், அகரவரிசையில் முதல் 20 சொற்களை ஒருவர் கேட்கின்றார். நெடுங்கணக்கு வரிசையில் முன்பே அமைத்த அடைவு இருக்குமானால், அடைவில் 3 பக்கம் இறங்கி, 20 வரிகளை எடுத்தால் போதும். ஏறத்தாழ 25 பக்கங்களில் வேலை முடியும். அங்கே அடுக்கும் வேலையே இல்லை. அஃது அடைவு அமைத்த அன்றே முடிந்தது. குறியெண் வரிசையிலேயே கேட்டாலும், அடைவு இல்லையெனில் 10,000 பக்கங்களையும் புரட்ட வேண்டும். தமிழ் வரிசையில் அடைவுடைய பட்டியல், எண்வரிசையில் அடைவற்ற பட்டியலினும் 400 மடங்கு குறைந்த பக்கங்களைப் படிக்கின்றது! விரைவு குன்றியது தமிழால் அன்று. அடைவு அமைக்காத சோம்பலால்.

ஆயினும், அடைவுக்கும் விலையுண்டு. ஓர் அடைவு தான் அமைந்த வரிசைக்கு மட்டுமே துணையாகும். எண்வரிசையில் அமைந்த அடைவு நெடுங்கணக்கு வினாவுக்கு உதவாது. மணி என்று தொடங்கும் சொற்களைத் தருக என்னும் முன்னொட்டுத் தேடலுக்குப் போசுட்கிரசில் வேறோர் அடைவும் வேண்டியிருக்கும். புதிய வரி சேரும்போதெல்லாம் எல்லா அடைவுகளையும் புதுக்க வேண்டும். அடுக்கும் நெறியை வழங்கும் நிரல்தொகுதி மாறினால் பழைய அடைவு பிழைபடும். 2018-இல் இலினக்சுப் பொறிகளின் அடிப்படை நிரல்தொகுதி ஒன்று தன் வரிசை நெறியை மாற்றியபோது, அடைவுகளை மீண்டும் அமைக்க வேண்டிய நிலை பலர்க்கு நேர்ந்தது. இவ்விலையை அறிந்து கொடுப்பதே அறிவுடைமை.

மற்றொரு நோயும் உண்டு. கொ என்னும் எழுத்தின் ஒகரக்குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். எகரக்குறி, கால் என இரு குறியெண்களாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பொறிக்கு வேறு வேறு. ஒருவகையில் பதிந்த கொடியை மற்றொரு வகையில் தேடினால் கிட்டாது. இதனைத் தேடும்போது திருத்திக்கொள்ளலாம் என்று எண்ணி, ஒவ்வொரு வரியையும் திருத்தி ஒப்பிடுமாறு வினவினால், இருந்த அடைவும் பயனற்றுப் போய்ப் பொறி முழுப்புரட்டலில் இறங்கிவிடும். பதியும்போதே ஒரே வடிவாக்கிப் பதிந்தால், அவ்வுழைப்பு ஒரு முறையோடு ஒழியும். களத்திலேயே தூற்றிய நெல்லுக்கும், உலையிடும் ஒவ்வொரு வேளையும் புடைக்கும் நெல்லுக்கும் உள்ள வேற்றுமை இது.

முடிவாக

முழுப்புரட்டல் இழிந்ததுமன்று, அடைவு உயர்ந்ததுமன்று. சுற்றுக்குள் சுற்று பழையது என்று தள்ளத் தக்கதன்று; அறைப்பகுப்பு புதியது என்று எங்கும் கொள்ளத் தக்கதுமன்று. எத்தனை வரி, எத்தனை பங்கு, எவ்வரிசை, எவ்வளவு நினைவகம் என்னும் நான்கையும் எண்ணிய பிறகே எது சிறந்தது என்னும் வினாவுக்குப் பொருள் உண்டாகும்.

தமிழ் அகரமுதலிகளும் நூற்பட்டியல்களும் பெயர்ப்பட்டியல்களும் தரவுத்தளங்களில் ஏறிக்கொண்டிருக்கின்றன. அவற்றை அமைப்போர், தமிழ் வரிசை மெதுவானது என்று கேட்ட அளவில் பணிந்து எண்வரிசைக்கு இறங்கிவிடலாகாது. அதனை எதிர்ப்போரும் முழக்கத்தோடு நின்றுவிடலாகாது. அதே பட்டியலில், அதே வினாவை, அடைவோடும் அடைவின்றியும், தமிழ் வரிசையிலும் எண்வரிசையிலும் நடத்தி, நான்கு பொழுதையும் தாளில் எழுதி மேசைமேல் வைக்கட்டும். அத்தாளில் தமிழுக்கு மாறான எண் ஒன்று இருந்தாலும் அதனை மறைக்காமல் வைக்கட்டும். நேர்மையாக அளந்த எண்ணே, அளக்காமல் கூறிய சொல்லை வெல்லும்.